பகல் தூக்கத்தில் கடித்த கொசு: எட்டு மாதக் குழந்தைக்கு வந்த டெங்கு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு வடகிழக்கே, யானைமலையின் முதுகு தெரியும் தூரத்தில் உள்ள ஒரு தெருவில் வசிக்கும் எட்டு மாத ஆண் குழந்தைக்குச் சென்ற ஐப்பசியில் டெங்கு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாளில் அதிர்ச்சி நிலையின் வாசல் வரை சென்ற அவன், உரிய நேரத்தில் சிரை வழியாகத் திரவம் ஏற்றப்பட்டதால் பிழைத்துக்கொண்டான். மழைக்காலந்தோறும் டெங்கு வந்த குழந்தைகளைப் பார்த்துவரும் குழந்தை மருத்துவரான நான், இந்த ஒரு நிகழ்வை விரிவாக எழுத இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, இந்த வீட்டில் கொசுவைப் பற்றி யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. கொசுவலை இருந்தது, கொசுவர்த்தி இருந்தது, மின்செருகியில் மாட்டும் திரவ மருந்து இருந்தது, மாலையில் நொச்சி இலைப் புகையும் போட்டார்கள். அத்தனையும் இரவை நோக்கியே செய்யப்பட்டவை. குழந்தையைக் கடித்ததோ பகல் கொசு. இரண்டாவது காரணம் என்னைச் சார்ந்தது. காய்ச்சலுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே இந்தக் குழந்தையின் உடம்பில் கொசுக்கடித் தடிப்புகளைப் பார்த்திருந்தும், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டேன்.

பெற்றோரின் ஒப்புதலோடு இது எழுதப்படுகிறது. பெயர்களையும், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

குடும்பமும் வீடும்

தந்தை குட்டியானை வண்டி ஓட்டுகிறார். தாய் வீட்டிலிருந்தபடியே பூக்கட்டுகிறார். முற்பகலில் உதிரி மல்லிகையை ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். மாலை ஐந்து மணிக்குள் கட்டி முடித்துச் சரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடன் இருப்பவர் தாயின் தாயார், அதாவது குழந்தையின் அம்மாச்சி. இது முதல் குழந்தை. பிறப்பு எடை 2.8 கிலோ, தாய்ப்பாலோடு ஆறு மாதத்துக்குப் பின் இட்லியும் பருப்புச் சாதமும் பழகியவன். தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருந்தன.

முன்பக்கம் ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, பின்பக்கம் சிறிய கொல்லை. அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால், கூடத்தின் ஓரத்தில் இரண்டு நீல டிரம்களும், கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டியும், அடுக்கடுக்காகக் குடங்களும் உள்ளன. கூடத்தின் நடுவே விட்டத்தில் மாட்டிய கொக்கியில் சேலைத் தொட்டில் தொங்குகிறது. தாய் தரையில் அமர்ந்து பூக்கட்டும்போது, தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கை பூவில் இருக்கும், கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும். முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்கரை வரை குழந்தை விழித்தும் உறங்கியும் பெரும்பாலும் அந்தத் தொட்டிலில்தான் இருப்பான்.

முதல் வருகை

காய்ச்சலுக்கு மூன்று வாரங்களுக்கு முன், உடம்பில் தடித்திருக்கிறது என்று குழந்தையைக் கொண்டுவந்தார்கள். முதுகிலும் இடுப்பின் இரு பக்கங்களிலும் தொடையின் வெளிப்புறத்திலும் சிவந்த தடிப்புகள், சிலவற்றின் நடுவில் ஊசிமுனை அளவு புள்ளி. முகத்திலும் கைகளிலும் மிகக் குறைவு. கொசுக்கடி என்பதில் எனக்கு ஐயமில்லை. அரிப்புக்குக் காலமைன் லோஷன் எழுதிக்கொடுத்துவிட்டு, "கொசுவலை கட்டிப் படுக்க வையுங்கள்" என்றேன். "ராத்திரி வலைக்குள்ளதான் டாக்டரம்மா போடுறேன்" என்றார் தாய். நான் தலையசைத்துவிட்டு அடுத்த குழந்தையை அழைத்தேன்.

அந்தப் பதிலிலேயே செய்தி இருந்தது. இரவெல்லாம் வலைக்குள் கிடக்கும் குழந்தையின் உடம்பில் இத்தனை தடிப்புகள் இருக்கின்றன என்றால், அவை இரவில் வந்தவை அல்ல. தடிப்புகள் இருந்த இடமும் அதையே சொன்னது. வலையில்லாமல் தரையில் படுக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில்தான் கடி இருக்கும். முதுகிலும் இடுப்பிலும் கடித்திருந்தால், அந்த இடங்கள் ஏதோ மெல்லிய துணியை ஒட்டி அழுந்தியிருந்தன என்று பொருள். சேலைத் தொட்டிலில் குழந்தையின் எடை முழுவதும் ஒற்றைத் துணியின் மேல் இறங்குவதால், துணி தோலோடு இறுக ஒட்டிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் கொசு அந்தத் துணியின் வழியாகவே ஊசியை இறக்கிவிடும். இதை நான் உணர்ந்தது பின்னால், அந்தத் தொட்டிலை நேரில் பார்த்தபோதுதான்.

காய்ச்சலின் போக்கு

ஒரு திங்கட்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. புதன்கிழமை காலை என்னிடம் வந்தபோது வெப்பம் 103 டிகிரி, முகம் சிவந்திருந்தது, சளியோ இருமலோ இல்லை. எடை 7.6 கிலோ. தெருவில் இன்னொருவருக்கும் காய்ச்சல் வந்திருந்தது என்று அம்மாச்சி சொன்னதால் டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனையை அன்றே செய்தோம். டெங்கு உறுதியானது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1,64,000, ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹெமடோக்ரிட் 31 விழுக்காடு. பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கில், ஆறு மணி நேர இடைவெளிக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னேன். வீட்டில் இபுப்ரோஃபென் கலந்த பழைய காய்ச்சல் மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. வயிற்றில் ரத்தக்கசிவை அது தூண்டக்கூடும் என்பதால் அதைத் தொடவே கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

தாயிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பினேன்: டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், வெப்பம் இறங்கும் வேளையில், ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறிவிடுகிறது. அந்த 24 முதல் 48 மணி நேரத்தைக் கடக்கும்வரை குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறான், பால் குடிக்கிறானா, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை தொலைபேசியில் தாய் சொன்னதை அப்படியே தருகிறேன்: "காய்ச்சல் விட்டுருச்சு டாக்டரம்மா. ஆனா பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குறான். தொட்டா பாதம் சில்லுன்னு இருக்கு. அம்மா, உடம்பு குளுந்துருச்சு, தூங்கட்டும்னு சொல்லுது, எனக்கு மனசு ஒப்பல." அந்த ஒப்பாத மனசுதான் குழந்தையைக் காப்பாற்றியது. முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். விடியற்காலையிலிருந்து மூன்று முறை வாந்தி. நள்ளிரவுக்குப் பிறகு சிறுநீர் இல்லை. நாடி விரைந்தும் மெலிந்தும் இருந்தது. பாதத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனது. கல்லீரல் விலாவுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் தட்டுப்பட்டது. ஹெமடோக்ரிட் 39ஆக ஏறியிருந்தது. தட்டணுக்கள் 46,000ஆக இறங்கியிருந்தன. முதல் பரிசோதனையைவிட ஹெமடோக்ரிட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தால் நீர்க்கசிவு கணிசமானது என்று கொள்ள வேண்டும். இங்கே கால் பங்கு ஏறியிருந்தது.

திரவம் ஏற்றத் தொடங்கியபடியே 108 வண்டியில் நகரில் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் எனத் தொடங்கி, நாடியையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துக் குறைத்து, ஏறத்தாழ ஒன்றரை நாளில் நிறுத்தினார்கள். தட்டணு ஏற்றவில்லை. ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்கு எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அது தேவைப்படுவதில்லை. அடுத்த புதன்கிழமை குழந்தை வீடு திரும்பினான்.

எட்டு மாதக் குழந்தைக்கு முதல் தொற்றே ஏன் இவ்வளவு கடுமையானது என்ற கேள்விக்குத் தாயின் பழைய நோய்க் குறிப்பில் விடை உண்டு. தமிழகம் முழுவதும் டெங்கு பரவிய 2017ஆம் ஆண்டில், பள்ளி மாணவியாக இருந்த அவருக்கும் டெங்கு வந்திருந்தது. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் எதிர்ப்புப் பொருள் முதல் சில மாதங்கள் காக்கிறது; அது தேய்ந்து பாதியளவில் நிற்கும் பருவத்தில், வேறு வகை டெங்கு வைரஸ் வந்தால், காப்பதற்குப் பதிலாக வைரஸ் உடலின் செல்களுக்குள் புக வழிசெய்துவிடுகிறது. இதனால், முன்பு டெங்கு வந்த தாய்மாரின் குழந்தைகளை முதலாண்டின் பிற்பாதியில் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்ட தாய்மார் ஏராளம்.

வீட்டில் கண்டவை

குழந்தை வீடு திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கொசு ஒழிப்புப் பணியாளரான பெண்மணி ஒருவரோடு அங்கே போனேன். அவர் கையில் ஒரு டார்ச்சும் ஒரு வெள்ளைக் கிண்ணமும் இருந்தன. வீடு வீடாகப் பல ஆண்டுகள் நடந்து பழகியவர் என்பதால், நான் பார்க்கத் தவறிய இடங்களை எல்லாம் அவர் கண் தானாகத் தேடிச் சென்றது.

அம்மாச்சி முதலில் காட்டியது தெருமுனையில் உள்ள சாக்கடை வாய்க்காலை. "இது நாறுற நாத்தத்துக்குக் கொசு வராம என்னம்மா செய்யும்? எத்தனை மனு குடுத்தாச்சு" என்றார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அந்த வாய்க்காலில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அந்தி சாய்ந்தபின் காதோரம் ரீங்காரமிட்டு வருவது. யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியதும் அதுவே. வயற்காட்டுப் பக்கம் பெருகும் அதன் இனத்துக் கொசு ஒன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. இரவு வலையைக் கைவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த தண்ணீர் தேங்கிய கலம்தான் அதற்கு வேண்டும்; வீட்டுக்குள்ளேயே பிறந்து, நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து, காலையிலும் பிற்பகலிலும் ஓசையில்லாமல் கடிக்கிறது. கொசுக்களை ஆராய்வதற்கென்றே 1985 முதல் சின்னச் சொக்கிகுளத்தில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்கிவந்த ஊர் நம்முடையது. அப்படியிருந்தும் கொசு என்றால் சாக்கடை, கடி என்றால் இரவு என்ற எண்ணம் நம் வீடுகளிலிருந்து அகலவில்லை; மருத்துவராகிய என் மனத்திலிருந்தும் அன்று அகன்றிருக்கவில்லை.

டிரம்களைத்தான் நான் சந்தேகித்தேன். அவற்றில் புழு இல்லை. தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் அம்மாச்சி பழையதை ஊற்றிவிட்டுத் தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகிறார். கொல்லைச் சிமெண்ட் தொட்டியில் சில புழுக்கள் கிடைத்தன. மூலையில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஆட்டுக்கல்லின் குழியில் மழைநீரும் பத்துப் பதினைந்து புழுக்களும். இவை எதிர்பார்த்தவைதான்.

எதிர்பாராதது கூடத்துக்குள் இருந்தது. தொட்டிலிலிருந்து இரண்டு எட்டுத் தொலைவில், குழந்தையின் கஞ்சி மாவும் சர்க்கரையும் பேரீச்சையும் வைக்கும் சிறிய இரும்பு அலமாரி ஒன்று நிற்கிறது. எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குள் நிறுத்தியிருந்தார்கள். பணியாளர் மண்டியிட்டு அமர்ந்து டார்ச்சை அடித்தார். வெளிச்சம் பட்டதும் தண்ணீருக்குள் மெல்லிய இழைகள் போலப் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. சிறிது நேரம் அசையாமல் காத்திருந்தோம். ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனியை நீர்ப்பரப்பில் பதித்துத் தலைகீழாகத் தொங்கின. சிலவற்றின் உடல் காற்புள்ளி போலச் சுருண்டிருந்தது. அவை கூட்டுப்புழுக்கள், ஓரிரு நாளில் சிறகு முளைத்துப் பறந்துவிடும் நிலை. டப்பாவின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரித்தூள் ஒட்டியது போல வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அவைதான் முட்டைகள்.

அம்மாச்சி தினமும் அந்த டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி வந்தார், ஆனால் ஒரு நாளும் கவிழ்த்ததில்லை. ஏடிஸ் கொசு நீருக்குள் முட்டையிடுவதில்லை; நீர்மட்டத்துக்கு மேலே ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். குறைந்த தண்ணீரை மேலே ஊற்றி நிரப்புவது முட்டைகளை எழுப்பிவிடுவதற்கே சமம். பொரித்ததிலிருந்து பறக்கும்வரை நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். குழந்தையின் உணவை எறும்பிடமிருந்து காக்க வைத்த தண்ணீரில் இது நடந்தது என்று தெரிந்தபோது அம்மாச்சி வாய்பொத்தி நின்றதை என்னால் மறக்க இயலவில்லை. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை என்று அங்கேயே சொன்னேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

பிறகு தொட்டிலைப் பார்த்தேன். கரும்பச்சை நிறப் பருத்திச் சேலை, பலமுறை துவைத்து மெலிந்தது. ஏடிஸ் கொசு அடர்ந்த நிறங்களை நாடும். தொங்கும் துணிமடிப்புகளின் நிழலில் அமர்ந்து ஓய்வெடுக்கும். பணியாளர் சேலையின் மேல்மடிப்பை மெல்ல விலக்கியபோது, கால்களில் வெள்ளை வளையங்கள் தெரிய இரண்டு கொசுக்கள் எழுந்தன. கடைசியாகத் தாயின் காலைக் காட்டச் சொன்னேன். கொலுசுக்குக் கீழே கணுக்காலைச் சுற்றிப் பழைய தழும்புகளும் புதிய தடிப்புகளும். மாதக்கணக்கில் தொட்டிலை ஆட்டிய அந்தக் காலையும் கொசு விடவில்லை. "பூக்கட்டும்போது கடிக்கும், கை ஒழியாது, அப்படியே விட்டுருவேன்" என்றார்.

தொற்று வந்த வழி

கொசு இருந்தால் மட்டும் டெங்கு வந்துவிடாது. வைரஸை ஒருவர் அதற்குக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டில் கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவருக்குக் குழந்தையின் காய்ச்சலுக்குப் பதினெட்டு நாட்கள் முன்னதாகக் காய்ச்சல் வந்து, டெங்கு என்று தெரிந்து, வீட்டிலிருந்தே குணமாகியிருந்தார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பகல் முழுவதும் திண்ணையில் வலையில்லாமல் படுத்திருந்தார். காய்ச்சலின் முதல் நான்கைந்து நாட்களில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அதை உறிஞ்சிய கொசுவின் உடலில் வைரஸ் முதிர்ந்து எச்சிலுக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள். அது கடித்தபின் மனிதருக்குக் காய்ச்சல் தோன்ற நான்கு முதல் பத்து நாட்கள். பதினெட்டு நாள் இடைவெளி இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. அந்த இளைஞருக்கு மருந்துச் சீட்டு எழுதியவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார், நீராகாரம் சொல்லியிருந்தார், வலைக்குள் படுக்கச் சொல்லவில்லை. காய்ச்சல்காரருக்குப் பகலில் வலை கட்டுவது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குச் செய்யும் பாதுகாப்பு என்று நானும் அதுவரை யாரிடமும் அழுத்திச் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு டெங்கு சீட்டிலும் அதை முதல் வரியாக எழுதுகிறேன்.

அன்று அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடுகளைப் பார்த்தோம். ஐந்தில் புழு இருந்தது. நூறு வீடுகளில் ஐந்துக்கு மேல் இருந்தாலே பரவல் அபாயம் என்று கணக்கிடுவார்கள்.

செய்த மாற்றங்கள்

டப்பாக்களைக் கொல்லைக்குக் கொண்டுபோய், தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, சுவரை நாரால் தேய்த்தோம். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தால்தான் முட்டை போகும். எறும்புக்கு வழி வேண்டுமே என்றார் அம்மாச்சி. கல்லுப்பை நிறையக் கரைத்த தண்ணீரை ஊற்றி, வாரம் ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்து மாற்றுவது என்று முடிவானது. அந்த நாளாக வெள்ளிக்கிழமையை அவரே தேர்ந்தெடுத்தார். வீடு கழுவும் நாள் என்பதால் மறக்காது என்றார். ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். சிமெண்ட் தொட்டியைக் காலி செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில், தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்று கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணிடம் சொல்வது அறிவுரை ஆகாது. தொட்டியின் வாயில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, தொய்வில்லாமல் இழுத்துச் சுற்றிலும் கயிற்றால் கட்டினோம். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அதன் மேலேயே முட்டையிடும் என்பதைப் பணியாளர் விளக்கினார். கொசுப்புழுவைக் கொல்ல அவர் ஊற்றும் அபேட் மருந்தை வாடை அடிக்கிறது என்று முன்பெல்லாம் அம்மாச்சி முகந்து வெளியே ஊற்றிவிடுவாராம். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் அது குடிநீருக்கே ஏற்கப்பட்ட மருந்து என்று விளக்கியபின் சம்மதித்தார்.

தொட்டிலை எடுத்துவிடச் சொல்லவில்லை. குழந்தை அதில் உறங்கிப் பழகியவன். தாயின் பிழைப்பும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. கடைகளில் விற்கும் குடை வலை தொட்டிலுக்குப் பொருந்தாது. ஆகவே இருவர் படுக்கும் அளவுள்ள சதுர வலையை விட்டத்தில் நான்கு ஆணிகளில் கட்டி, தரைவரை இறக்கி, தொட்டிலும் பூக்கட்டும் தாயும் ஒருசேர வலைக்குள் இருக்கும்படி செய்தோம். வலையின் கண் சதுர அங்குலத்துக்கு 156 என்ற அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தொட்டில் ஆடும்போது வலையில் உரசக்கூடாது, ஏனெனில் வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோலை வெளியிலிருந்தே கடித்துவிடும். வலையின் கயிறோ தொங்கும் முனையோ குழந்தையின் கைக்கும் கழுத்துக்கும் எட்டக்கூடாது. சேலையை வெளிர்மஞ்சள் நிறத்துக்கு மாற்றி, உள்ளே கெட்டியான பருத்தி விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டோம். இரவில் மட்டும் ஓடிய மேசை விசிறியைப் பகலிலும் ஓடவிடச் சொன்னேன். ஏடிஸ் வலுவாகப் பறக்கும் கொசு அல்ல. காற்று வீசும் இடத்தில் இறங்கத் திணறும். இவ்வளவு செலவில்லாத காப்பு வேறு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

பூசுவதும் புகைப்பதும்

தாய்மார் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு கொசுவை விரட்டும் டீட் என்ற வேதிப்பொருள் கலந்த எந்தக் களிம்பும் கூடாது; வலையும் துணியும் மட்டுமே. அதற்கு மேற்பட்ட வயதில், உறையில் அச்சிட்டுள்ள வயதைப் பார்த்து வாங்கி, பெரியவர் தம் உள்ளங்கையில் எடுத்துக் குழந்தையின் கால்களிலும் புறங்கழுத்திலும் மெல்லிதாகப் பூசலாம். கைவிரல்களில் பூசக் கூடாது, அவை அடுத்த நிமிடம் வாய்க்குள் போகும். கண்ணோரம், உதட்டோரம், புண், துணிக்கு உட்புறம் ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெய் வகைப் பூச்சுகள் மூன்று வயது வரை வேண்டாம்.

கொசுவர்த்தியை மூடிய அறையில் குழந்தையோடு வைப்பதை இந்த வீட்டில் நிறுத்தச் சொன்னேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் உள்ள அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. நொச்சிப் புகைக்கும் சாம்பிராணிக்கும் தனிச் சலுகை இல்லை. புகை எதுவானாலும் பிஞ்சு நுரையீரலுக்குப் புகைதான். மின்செருகித் திரவத்தில் வேறோர் அபாயம் உண்டு. தவழும் குழந்தை அந்தச் சிறு புட்டியைக் கழற்றி உறிஞ்சினால், அதிலுள்ள மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்; அப்படி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆளுயரச் செருகியில் மட்டுமே அதை மாட்ட வேண்டும். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தையின் உடம்பில் பூசுவதையும் நான் ஏற்பதில்லை. நக்கி விழுங்கினால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு மூளை பாதிப்பு ஏற்பட்டதை 1980களிலேயே மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பின்தொடர்தல்

ஆறு வாரங்கள் கழித்துக் குழந்தை மறுபடி வந்தபோது எடை 8.1 கிலோ. முதுகும் இடுப்பும் சுத்தமாக இருந்தன; இடது கணுக்காலில் மட்டும் இரண்டு புதிய தடிப்புகள். எங்கே கடித்தது என்று இம்முறை கேட்டேன். காலையில் ஏழு மணிக்கு வாசலில் அம்மாச்சி இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டும்போது என்று தாய் தயங்காமல் சொன்னார். அந்த வேளைக்கு நீளக் காற்சட்டை போடுவது என்று பேசிக்கொண்டோம். இனி வராதல்லவா என்றும் கேட்டார். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. வந்த வகை திரும்ப வராது, மற்ற மூன்றில் ஒன்று வரலாம், இரண்டாம் முறை வருவது கடுமையாக இருக்கக்கூடும் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

மார்கழியில் பணியாளரும் நானும் அந்தத் தெருவை மீண்டும் பார்த்தோம். பன்னிரண்டு வீடுகளில் இரண்டில் புழு. ஒன்றில் மொட்டைமாடியில் கிடந்த பழைய டயர்; மற்றொன்றில் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு. ஆட்டுக்கல் கவிழ்ந்தபடியே கிடந்தது. தண்ணீர் இப்போதும் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. தொட்டியின் மேல் வேட்டி தொய்வில்லாமல் கட்டப்பட்டிருந்தது. வலைக்குள் தாய் பூக்கட்டிக்கொண்டிருக்க, தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. டயர் கிடந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். தைப் பொங்கலுக்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு வலையோடு போவதாகப் பணியாளரிடம் சொல்லியிருக்கிறேன்.